கானமேளா மேடைக்கு ஒரே பிரீசெட், எட்டு சீன்

திருவிழா மேடையில் நடக்கும் பாட்டுக் கச்சேரியான கானமேளாவில் பாட்டுப் பட்டியல் கடைசிவரை அப்படியே நிற்காது. களியக்காவிளை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து அம்பல உற்சவமானாலும் சரி, இந்தப் பக்கம் மார்த்தாண்டம், குலசேகரம் சுற்றுவட்டாரத்துச் சர்ச் திருவிழாவானாலும் சரி, ஐந்தாவது பாட்டு முடிவதற்குள் கமிட்டிக்காரர் ஒருவர் துண்டுச் சீட்டோடு மேடை ஓரத்துக்கு வந்துவிடுவார். பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தால் மெலடி பின்னுக்குப் போகும், குத்துப்பாட்டு முன்னால் வரும். மலையாளப் பாட்டுகளுக்கு நடுவே ஒரு தமிழ்ப் பாட்டு நேயர் விருப்பமாக நுழையும். பாட்டுக்கு ஒரு பிரீசெட் (கருவியில் சேமித்துவைத்த முழு ஒலி அமைப்பு) என்று முப்பது பிரீசெட்டை வரிசையாக அடுக்கிக்கொண்டு மேடையேறும் கிட்டாரிஸ்ட், வரிசை குலைந்த அந்த நிமிடத்திலிருந்து குனிந்து திரையைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டிவரும். ஒரே பிரீசெட்டை நன்றாகக் கட்டி, அதற்குள் எட்டு சீன் (ஒரே அமைப்பின் எட்டு நிலைகள்) வைத்துக்கொண்டு இரவு முழுவதும் வாசிப்பதுதான் நம் மேடைகளுக்குச் சரி.

காரணம் கருவிக்குள்ளேயே இருக்கிறது. பிரீசெட் மாறும்போது மாடலர் (ஆம்பையும் பெடல்களையும் டிஜிட்டலாகப் போலச்செய்யும் கிட்டார் கருவி) பழைய பிளாக்குகளை (ஆம்ப், எஃபெக்ட் என ஒவ்வொரு கூறும் ஒரு பிளாக்) எல்லாம் இறக்கிவிட்டுப் புதியவற்றை ஏற்றுகிறது. அந்த நேரத்தில் பல கருவிகளில் ஒலி ஒரு கணம் அறுபடும், டிலேயின் வால் (எதிரொலியின் மிச்சம்) வெட்டுப்படும். சீன் மாறும்போது எதுவும் ஏறி இறங்குவதில்லை. ஆம்ப், கேப் (ஸ்பீக்கர் பெட்டி), டிரைவ் (ஒலியை உடைக்கும் பெடல்), டிலே, ரிவெர்ப் எல்லாம் ஏற்கெனவே பிராசஸரில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எது ஆன், எது ஆஃப், எந்தக் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் மாறுகிறது. இதற்கு ஒரு விலை உண்டு. ஒரே ஒரு சீனில் மட்டும் பயன்படும் பிளாக்கும் எட்டு சீனிலும் பிராசஸரில் இடம் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் ஆசைப்பட்ட எல்லாவற்றையும் ஒரே பிரீசெட்டில் திணிக்க முடியாது.

பெயர் கருவிக்குக் கருவி மாறும். ஃப்ராக்டல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், எஃப்எம்3, எஃப்எம்9 கருவிகளில் 'சீன்', பிரீசெட்டுக்கு 8. லைன் 6 ஹீலிக்ஸ் 2015-இல் வந்தபோது இந்த வசதி இல்லை. 2016-இல் வந்த 2.0 ஃபர்ம்வேரில்தான் 'ஸ்னாப்ஷாட்' என்ற பெயரில் சேர்ந்தது. ஹீலிக்ஸ் ஃப்ளோர், எல்டி இரண்டிலும் 8 உண்டு. போட் கோவில் 4. குவாட் கார்டெக்ஸில் ஏ முதல் எச் வரை 8 சீன். இந்தப் பதிவில் எல்லாவற்றையும் சீன் என்றே எழுதுகிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: எது சீனோடு சேர்ந்து மாறும், எது மாறாது என்பது. ஃப்ராக்டலில் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஏ, பி, சி, டி என்று நான்கு சேனல் வரை உண்டு. சீன் நினைவில் வைத்துக்கொள்வது பிளாக் ஆனா ஆஃபா, எந்தச் சேனல் என்பதைத்தான். சேனலுக்குள் இருக்கும் குமிழ்களை அது தனியாக வைத்துக்கொள்வதில்லை. ஐந்தாவது சீனில் நின்றுகொண்டு ஆம்பின் சேனல் ஏ-யில் டிரெபிளைக் கூட்டினால், சேனல் ஏ-யைப் பயன்படுத்தும் அத்தனை சீன்களிலும் டிரெபிள் கூடிவிடும். வேறாக வேண்டுமென்றால் ஏ-யை பி-க்கு காப்பி செய்து, பி-யில் மாற்ற வேண்டும். அல்லது சீன் கண்ட்ரோலரில் (ஒரு குமிழுக்குச் சீனுக்கு ஒரு அளவு கொடுக்கும் வசதி) அந்தக் குமிழை மாட்ட வேண்டும்.

ஹீலிக்ஸில் வழி வேறு. பிளாக்கின் ஆன்-ஆஃப் தானாகவே சீனோடு சேர்ந்துவிடும், குமிழ்கள் சேராது. எந்த அளவு சீனுக்குச் சீன் மாற வேண்டுமோ, அந்தக் குமிழை அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். அளவு வெள்ளை எழுத்தில் அடைப்புக்குறிக்குள் தெரிந்தால் அது சீனோடு இணைந்துவிட்டது என்று பொருள். அழுத்தாமல் திருப்பினால் அந்த மாற்றம் எட்டு சீனுக்கும் பொதுவாகிவிடும். ஒரு பிரீசெட்டுக்கு இப்படி 64 குமிழ்கள் வரை இணைக்கலாம். கானமேளாவுக்குப் பன்னிரண்டே தாராளம்.

இனி எட்டு சீனையும் எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம். எஃபெக்ட் பெயரை வைத்துப் பிரிக்காமல், பாட்டில் கிட்டார் செய்யும் வேலையை வைத்துப் பிரித்தால் வரிசை எப்படிக் கலைந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். முதல் சீன் வெறும் கிளீன்: கம்ப்ரெசர் லேசாக, ரிவெர்ப் கொஞ்சம், ஆர்பெஜியோவுக்கு. இரண்டாவது அதே கிளீனில் கோரஸ் சேர்ந்தது. எழுபது, எண்பதுகளின் மெலடிப் பாட்டுகளில் பாதி இந்த இரண்டில் முடிந்துவிடும். மூன்றாவது ஸ்ட்ரம்மிங்குக்கு, கீழ் அதிர்வெண்களை 150 ஹெர்ட்ஸ் வரை வெட்டியது, ஏனென்றால் பேஸ் கிட்டாரும் கீபோர்டின் இடது கையும் அங்கேதான் இருக்கின்றன. நான்காவது வெட்டி வெட்டி வாசிக்கும் ஃபங்க் ரிதம், வா பெடலோடு. ஐந்தாவது கிரன்ச், அதாவது லேசாக உடையும் ஒலி. ஆறாவது ஹெவி ரிதம். ஏழாவது லீட். எட்டாவது, வால்யூம் பெடலால் மெல்ல ஏற்றி, நீண்ட டிலேயும் ரிவெர்பும் சேர்ந்து பின்னணியில் படரும் ஸ்வெல். சர்ச் மேடையில் ஜெப நேரத்துக்கு இது இல்லாமல் முடியாது.

கிளீனுக்கு ஃபெண்டர் ட்வின் வகை ஒன்று, மற்றவற்றுக்கு மார்ஷல் ஜேசிஎம்800 வகை ஒன்று என இரண்டு ஆம்ப் பிளாக் போதும். இரண்டுக்கும் பொதுவாக ஒரே கேப் வைப்பது என் உறுதியான கருத்து. மிக்சர்காரர் கிட்டார் சேனலில் ஒரு ஈக்யூதான் (அதிர்வெண் திருத்தம்) வைப்பார். சீனுக்கு ஒரு கேப் மாறினால், அவர் கிளீனுக்குச் சரிசெய்தது லீடில் காதைக் கிழிக்கும். லீடுக்குச் சரிசெய்தால் கிளீன் மந்தமாகிவிடும். ஒரே கேப், அதில் கீழே 90 ஹெர்ட்ஸிலும் மேலே 6,500 ஹெர்ட்ஸ் வாக்கிலும் வெட்டு என்று வைத்துவிட்டால் எட்டு சீனும் ஒரே கிட்டாராகக் கேட்கும். எஃப்எம்3-இல் ஆம்ப் பிளாக் ஒன்றுதான். அங்கே சேனல் மாற்றியும் செய்யலாம், ஆனால் ஆம்ப் சேனல் மாறும்போது மெல்லிய இடைவெளி விழக்கூடும். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் நடுவில் அது வேண்டாம் என்றால், ஆம்பை லேசாக உடையும் அளவில் நிறுத்திவிட்டு, முன்னால் இரண்டு டிரைவ் பிளாக்குகளை ஆன்-ஆஃப் செய்தே கிரன்ச்சையும் லீடையும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி வேலையின் கனமான பகுதி: சீன்களுக்கு இடையே ஒலி அளவு. டோன் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பந்தலில் யாரும் கவனிக்கப்போவதில்லை. லீட் சீனை அழுத்தியதும் கிட்டார் காணாமல் போனால் எல்லோரும் கவனிப்பார்கள்.

மீட்டரைப் பார்த்துச் சமன் செய்தால் ஏமாற்றும். கிளீன் ஒலியில் நரம்பைத் தட்டும் முதல் கணம் மட்டும் உச்சத்துக்குப் போய் உடனே இறங்கிவிடும். டிஸ்டார்ஷன் அந்த உச்சத்தை நசுக்கிவிட்டு, ஒலியை நெடுக ஒரே உயரத்தில் வைத்திருக்கும். மீட்டரில் இரண்டும் ஒரே கோட்டைத் தொட்டாலும் காதுக்கு டிஸ்டார்ஷன் உரக்கக் கேட்கும். அதனால் காதால்தான் சமன் செய்ய வேண்டும், அதுவும் மேடைச் சத்தத்தில். ஹெட்போனில் மெல்லிய சத்தத்தில் வைத்த அளவுகள் மைதானத்தில் ஏன் கவிழ்கின்றன என்பதற்கு விடையை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே வெளியிட்டுவிட்டார்கள்: சத்தம் குறைவாக இருக்கும்போது காது கீழ் அதிர்வெண்களையும் மிக உயர்ந்த அதிர்வெண்களையும் குறைத்தே கேட்கிறது. அதை ஈடுகட்ட வீட்டில் பேஸையும் டிரெபிளையும் ஏற்றிவிடுகிறோம். மேடையில் சத்தம் ஏறியதும் ஏற்றியதெல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்து, கீழே குமுறலும் மேலே கீறலுமாக நிற்கும், நடுப்பகுதி பள்ளமாகிவிடும். கிட்டார் கேட்பதே அந்த நடுப்பகுதியில்தான்.

செய்முறை இது. லூப்பர் பிளாக்கைச் சங்கிலியின் முதல் இடத்தில் வையுங்கள், ஆம்புக்கும் டிரைவுக்கும் முன்னால். வால்யூம் பெடலை முழுக்கத் திறந்துவிட்டு, நாலு பார் கார்டு, நாலு பார் ஒற்றை நரம்பு ஓட்டம் என்று எட்டு பார் பதிவு செய்யுங்கள். லூப்பருக்குள் இருப்பது எஃபெக்ட் ஏறாத வெறும் கிட்டார் சிக்னல். அதைச் சுழலவிட்டால், நீங்கள் வாசிக்காமலேயே ஒவ்வொரு சீனையும் அழுத்தி ஒரே வாசிப்பு எட்டு விதமாக வருவதைக் கேட்கலாம். கை ஓய்வாக இருப்பதால் ஸ்பீக்கருக்கு எதிரே பத்தடி தள்ளிப் போய் நிற்கவும் முடியும். பேசினால் குரலை உயர்த்த வேண்டிய அளவுக்குச் சத்தம் இருக்கட்டும். போனில் உள்ள டெசிபல் ஆப்பில் 85-ஐ ஒட்டிக் காட்டினால் போதும். முதலில் ஆறாவது சீனை, அதாவது ஹெவி ரிதமை, அளவுகோலாக வையுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை அதற்குச் சமமாக வரும்வரை திருத்துங்கள். லீடை அதைவிட 3 டெசிபல் ஏற்றுங்கள். ஈக்யூவில் 900 ஹெர்ட்ஸ் பக்கம் இன்னும் 2 டெசிபல். ஸ்வெல் சமமாகவோ ஒரு டெசிபல் கீழாகவோ இருக்கலாம்.

அளவைத் திருத்தும் குமிழ் எது என்பது முக்கியம். கெயின், மாஸ்டர் இரண்டையும் தொட்டால் சத்தத்தோடு சேர்ந்து டிஸ்டார்ஷனும் மாறும். ஹீலிக்ஸில் ஆம்பின் 'சேனல் வால்யூம்' சத்தத்தை மட்டும் மாற்றும். அதை அழுத்தித் திருப்பிச் சீனோடு இணையுங்கள். ஃப்ராக்டலில் அவுட்புட் பிளாக்கிலேயே ஒவ்வொரு சீனுக்கும் தனி லெவல் இருக்கிறது. லீடை ஏற்ற டிரைவ் பெடலின் லெவலைக் கூட்டுவது பழைய ஆம்ப் பழக்கம். ஏற்கெனவே நிறைந்து நசுங்கியிருக்கும் ஆம்புக்குள் இன்னும் தள்ளினால் சத்தம் ஏறாது, நசுக்கல்தான் ஏறும். லீட் முன்னால் வர வேண்டுமானால் ஏற்றம் ஆம்புக்குப் பின்னால் நடக்க வேண்டும்.

சவுண்ட் செக்கில் இதை மிக்சர்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்: "அண்ணே, லீடுக்கு நீங்க ஃபேடர தொட வேண்டாம், நான் இங்கயே மூணு டிபி ஏத்தி வச்சிருக்கேன்." சொல்லாவிட்டால் அவரும் பழக்கத்தில் லீட் வந்ததும் ஏற்றுவார், இரண்டும் சேர்ந்து பாடகரின் குரலை மூடிவிடும். பிறகு அவர் இறக்கிவைத்த ஃபேடர் அடுத்த பாட்டு முழுக்க இறங்கியே இருக்கும். மேடை ஸ்னேக் பாக்ஸில் (மேடைக் கேபிள்களைச் சேர்த்து மிக்சருக்குக் கொண்டுபோகும் பெட்டி) மைக் இன்புட்டில்தான் செருகப்போகிறோம் என்றால், மாடலரின் எக்ஸ்எல்ஆர் அவுட்டை 'மைக்' லெவலில் வைப்பதும் இப்போதே முடிய வேண்டிய காரியம்.

டிலேயில் ஒரு நுணுக்கம் உண்டு. சீனுக்குச் சீன் டிலே நேரத்தை மாற்றினால், பழைய எதிரொலி இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே நேரம் மாறும். பல டிலே மாடல்களில் சுருதி வழுக்கி, டேப் இழுபடுவதுபோல் கேட்கும். இரண்டு டிலே பிளாக் வைத்துவிடுங்கள், ஒன்று லீடுக்கு, ஒன்று ஸ்வெல்லுக்கு. சீன் அவற்றை ஆன்-ஆஃப் மட்டும் செய்யட்டும். ஹீலிக்ஸில் இரண்டிலும் 'ட்ரெயில்ஸ்' ஆன் ஆக இருக்க வேண்டும். ஃப்ராக்டலில் பைபாஸ் மோட் 'மியூட் எஃப்எக்ஸ் இன்' ஆக இருந்தால் வால் தொடரும்; 'த்ரூ' என்று இருந்தால் சீன் மாறிய கணமே வெட்டுப்படும். ரிவெர்புக்கும் இதே விதி.

டிலே நேரத்தைக் கணக்கிட 60,000-ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண்) வகுத்தால் ஒரு பீட்டுக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று வரும். 120 பிபிஎம்முக்கு 500. புள்ளி வைத்த எட்டாம் சுரத்துக்கு அதில் முக்கால், 375. மேடையில் காலால் சுவிட்சைத் தட்டி வேகம் வைக்கும் டாப் டெம்போதான் கைகொடுக்கும், ஆனால் ஹீலிக்ஸில் ஒரு அமைப்பைப் பார்த்துவிட வேண்டும். குளோபல் செட்டிங்ஸில் டெம்போ 'ஸ்னாப்ஷாட்' என்று இருந்தால், கிளீன் சீனில் நின்று தட்டிய டெம்போ லீட் சீனுக்குப் போனதும் பழைய எண்ணுக்குத் திரும்பிவிடும். 'பிரீசெட்' என்று மாற்றினால் தட்டியது எட்டு சீனுக்கும் நிற்கும்.

வாசிக்காத நேரத்து இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட்டைச் சீனுக்குச் சீன் பிரித்தே ஆக வேண்டும். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் எர்த் சரியாக இல்லாவிட்டால் சிங்கிள் காயில் கிட்டாரின் இரைச்சல் ஹெவி சீனில் பெருகி நிற்கும். அங்கே கேட் இறுக்கமாக வேண்டும். அதே கேட் எட்டாவது சீனில் ஆன் ஆக இருந்தால், தேயும் சுரத்தின் கடைசிப் பகுதியை நடுவில் வெட்டிவிடும். ஸ்வெல்லிலும் கிளீனிலும் கேட் ஆஃப். சீன் மாறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தால் ஹீலிக்ஸில் இன்புட் இம்பீடன்ஸை (கிட்டாருக்குக் கருவி காட்டும் மின்தடை) பாருங்கள். அது 'ஆட்டோ'வில் இருந்து, சங்கிலியின் முதல் பிளாக்கைச் சீன் ஆன்-ஆஃப் செய்தால், இம்பீடன்ஸும் கூடவே மாறக்கூடும். 1 மெகாஓம் என்று நிலையாக வைத்துவிட்டால் சத்தமும் இல்லை, விரலடியில் உணர்வும் மாறாது.

மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவது நம் ஊர் வழக்கம், அதிலும் கோயில் மேடையென்றால் கேட்கவே வேண்டாம். ஹீலிக்ஸின் ஃபுட்சுவிட்சுகள் தொடுதலை உணரும் வகை. ஷூ போட்ட காலுக்கு இது ஒன்றும் செய்யாது. வெறுங்கால் பட்டால், அழுத்தாமலேயே பிளாக் தேர்வாகும், திரை வேறு பக்கத்துக்குப் போகும். குளோபல் செட்டிங்ஸில் ஃபுட்சுவிட்ச் பக்கத்தில் 'ஸ்டாம்ப் செலக்ட்' என்பதில் 'டச்' இல்லாதபடி மாற்றிவிடுங்கள்.

சுவிட்ச் வரிசையிலும் யோசனை வேண்டும். தவறி அழுத்தினால் எது விழும் என்று நினைத்து அடுக்குங்கள். லீடுக்குப் பக்கத்தில் கிரன்ச்சோ ஹெவியோ இருந்தால் தவறு யாருக்கும் தெரியாது. கிளீனுக்குப் பக்கத்தில் ஹெவி இருந்தால், மெலடியின் நடுவில் ஊரே திரும்பிப் பார்க்கும். அதிகம் பயன்படும் நான்கும் கீழ் வரிசைக்கு வரட்டும்.

அழுத்தும் நேரத்தையும் பழக வேண்டும். சரணம் முடிந்து லீட் பிட் வருகிறது, 100 பிபிஎம் என்று வையுங்கள். ஒரு பீட் 600 மில்லிசெகண்ட். ஒன்றாம் பீட்டில் காலும் கையும் சேர்ந்து விழுந்தால் முதல் சுரத்தின் தலை பழைய சீனில் சிக்கும். நான்காம் பீட்டின் பின்பாதியில், வலது கை உள்ளங்கையால் நரம்பை அமுக்கியபடி சுவிட்சை அழுத்திவிட்டால் 300 மில்லிசெகண்ட் கைவசம் இருக்கும். அந்தச் சுவிட்சுக்கு 'அழுத்திப் பிடித்தால்' என்று இன்னொரு வேலையும் கொடுத்திருந்தால், பல கருவிகளில் சீன் மாறுவது காலை எடுக்கும்போதுதான். சீன் சுவிட்சுகளுக்கு இரண்டாவது வேலை எதுவும் கொடுக்காதீர்கள்.

ட்ராக் ஓடும் லேப்டாப்பிலிருந்து மிடியில் (கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை) சீனை மாற்றுகிறவர்களுக்கு, சிசி எனும் கட்டளை எண்கள்: ஹீலிக்ஸுக்கு சிசி 69, குவாட் கார்டெக்ஸுக்கு சிசி 43; மதிப்பு 0 முதல் 7 வரை. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் 7 அனுப்பினால் வருவது எட்டாவது சீன். லீட் வேண்டிய இடத்தில் ஸ்வெல் வருகிறதென்றால் பிழை இங்கேதான் இருக்கும்.

ஹீலிக்ஸில் 'ஸ்னாப்ஷாட் எடிட்ஸ்' என்ற அமைப்பை, பிரீசெட் கட்டும் நாட்களில் 'ரீகால்' என்று வையுங்கள். ஒரு சீனில் செய்த மாற்றம், வேறு சீனுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் அப்படியே இருக்கும். மேடைக்கு 'டிஸ்கார்ட்'. ஒரு பாட்டுக்காகக் கோரஸை அணைத்தால், சுற்றி வந்து அதே சீனை அழுத்தும்போது சேமித்த நிலைக்கே திரும்பும். இதை மாற்றி வைத்தால் இரண்டு பக்கமும் அடி: கட்டும்போது செய்த வேலை சேவ் செய்வதற்குள் காணாமல் போகும், மேடையில் அணைத்த கோரஸ் இரவெல்லாம் வராது.

கடைசியாக மின்சாரம். பந்தலில் லைட் செட்டும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே லைனில் ஓடும்போது வோல்டேஜ் ஒரு கணம் சரிந்தால் போதும், மாடலர் அணைந்து மறுபடி பூட் ஆகும். கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று மாடலருக்கும் லேப்டாப்புக்கும் போதும். அதையும் மீறி அணைந்து எழுந்தால், ஹீலிக்ஸ் அந்தப் பிரீசெட்டைச் சேவ் செய்தபோது எந்த சீனில் இருந்தீர்களோ அதில்தான் திறக்கும். ஃப்ராக்டலில் இதற்கென்று 'டீஃபால்ட் சீன்' அமைப்பு இருக்கிறது. லீடைத் திருத்திவிட்டு அங்கேயே நின்று சேவ் செய்திருந்தால், பாடகர் மெலடியில் இருக்கும்போது மாடலர் லீடில் கண் விழிக்கும். முதல் சீனை அழுத்தி, திரையில் கிளீன் என்ற பெயரைப் பார்த்த பிறகே சேவ் செய்யுங்கள்.